மூணு வருஷமா சாப்ட்வேர்லதான் பேட்டர்ன் போடறேன், இன்ச் டேப்தான் இன்னும் படுத்துது

பேப்பர், ஸ்கேல், பென்சிலை ஓரமா வச்சுட்டு கம்ப்யூட்டர்ல பேட்டர்ன், அதாவது துணி வெட்டறதுக்கான அச்சு, வரைய ஆரம்பிச்சு மூணு வருஷத்துக்கு மேல ஆச்சு. முதல்ல மாசாமாசம் காசு கட்டற சாப்ட்வேர் ஒண்ணு எடுத்தேன், பேரு வேணாம். அளவைப் போட்டா ரெடியா பேட்டர்ன் வந்து விழும், ஆனா எந்த இடத்துல எவ்ளோ லூஸ் விட்டிருக்குன்னு பாக்கவே முடியாது, சந்தாவை நிறுத்தினதும் நான் செஞ்சு வச்ச பைலையே தொறக்க விடல. அந்தக் கடுப்புலதான் வாலன்டினாங்கற சாப்ட்வேர் பக்கம் வந்தேன், இப்ப அதுலேந்து பிரிஞ்சு வந்த சீம்லி டூடி. ரெண்டுமே ஓப்பன் சோர்ஸ், இலவசம்.

இதுல அளவு தனி பைல், வரையறது தனி பைல். மார்பு சுத்தளவுக்கு 92 செ.மீ.ன்னு நேரா எழுதாம அந்த அளவோட பேரையே பார்முலால போடணும், நாலால வகுத்து லூஸ் கூட்டணும், அவ்ளோதான். அப்புறம் வேற ஆளோட அளவு பைலை மாட்டினா மொத்த பேட்டர்னும் தானா மாறிடும். இது தெரிஞ்சும் ஆரம்பத்துல சோம்பேறித்தனமா சட்டைக் கைக்கு மட்டும் நேரா நம்பர் அடிச்சு வச்சிருந்தேன். அக்காவோட அளவைப் போட்டதும் ஆர்ம்ஹோல், அதாவது கை வச்சு தைக்கற ஓட்டை, 46 செ.மீ. ஆயிடுச்சு, கையோட மேல் வளைவு பழைய 43லயே நிக்குது. கையை வச்சு தைக்க உக்காந்தப்புறம்தான் பாத்தேன், துணியை இழுத்து இழுத்து பாத்தும் சேரல. இப்பல்லாம் ஆர்ம்ஹோல் கோட்டோட நீளத்தையே பார்முலால கூப்பிட்டு அதோட 2 செ.மீ. கூட்டி கைக்கு குடுத்துடறேன்.

பிரிண்டு எடுக்கறது தனிக் கதை. ஒரு டாப்போட முன் பக்கம் மட்டுமே ஏ4ல பன்னண்டு, பதினஞ்சு தாள் வரும், அத ஒட்டறதுக்குள்ள இடுப்பு ஒடிஞ்சிடும். ஒரு தடவை "பேஜுக்குள்ள அடக்கு"ங்கற டிக்கை எடுக்காம பிரிண்டு குடுத்துட்டேன், 97 சதவீதத்துல வந்திருக்கு. கண்ணுக்கு ஒண்ணுமே தெரியாது. என் இடுப்பு 100, லூஸ் 4, மொத்தம் 104 வரணும், வந்தது 101க்கும் கம்மி. போட்டுட்டு உக்காந்தா சைடு தையல் கிழியற மாதிரி நிக்குது. அதுலேந்து பேட்டர்ன் ஓரத்துல 10 செ.மீ.க்கு ஒரு கட்டம் போட்டு வச்சு, அந்தத் தாளை மட்டும் முதல்ல எடுத்து ஸ்கேல் வச்சு பாத்துட்டுதான் மிச்சம்.

ஆனா இத்தனை வருஷத்துல தப்பான பிட்டிங்குக்கு பாதிக்கு மேல காரணம் நான் அளவெடுத்த லட்சணம்தான். சுத்தளவை நாலால வகுக்கறதே ஒரு ஏமாத்து, ரெண்டு பேருக்கு ஒரே 92 இருக்கும், ஒருத்தருக்கு முன்னாடி சதை, ஒருத்தருக்கு முதுகு அகலம், நாலுல ஒண்ணுன்னு போட்டா ரெண்டு பேருக்குமே உக்காராது. இப்ப முன் அகலம், முதுகு அகலம் தனித்தனியா எடுக்கறேன், முன்னாடி உயரம் பின்னாடி உயரம் வேற வேறயா. எனக்கு வலது தோள் ஒரு செ.மீ. இறக்கம், எத்தனையோ வருஷமா ரெடிமேடு சட்டை அந்தப் பக்கம் ஏன் சுருங்குதுன்னு தெரியாமலே போட்டுட்டிருந்தேன். அத சரி பண்ண வலப்பக்கத்தை தனியா வரையணும், வேலை ரெட்டிப்பு, பரவால்ல.

நம்மளே நமக்கு அளவெடுக்கக் கூடாது, முதுகுப் பக்கம் கை போனாலே தோள் நகந்துடும். வேற யாராவது எடுக்கணும், அதுவும் ரெண்டு தடவை, ரெண்டுக்கும் ஒரு செ.மீ.க்கு மேல வித்தியாசம் வந்தா மூணாவது தடவை. அப்பவும் நல்ல துணில நேரா கை வைக்க மாட்டேன், பழைய பெட்ஷீட்ல ஒண்ணு தைச்சு போட்டு பாத்து எங்க இழுக்குதோ அங்க பேனால கோடு போட்டு, அந்தத் திருத்தத்தை திரும்ப பார்முலால ஏத்திடுவேன். டாப்புக்கு இப்ப ஒரே பெட்ஷீட்ல முடியுது, பேன்ட்டுக்கு மூணாவது பெட்ஷீட் ஓடிட்டிருக்கு, பின்பக்க வளைவு இன்னும் பிடிபடல.