கடல் பக்கம் திறக்கும் கதவு

போன வாரம் என் கேரவனின் கதவு உருண்டு நகர்கிற சேனலை மாற்றினேன். மூன்று வருஷத்தில் இரண்டாவது முறை. கூலியோடு 14,500 ரூபாய். பில்லை மடித்துச் சட்டைப்பையில் வைக்கிற நேரம் பார்த்து நண்பன் போன் செய்தான். "டேய், நானும் ஒரு பழைய வேனை எடுத்து உன்னை மாதிரி கேரவனாக்கலாம்னு இருக்கேன். ஈசிஆர்ல போறதுக்குச் சரியா வருமா?" அப்போது நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. கொஞ்சம் ஆறிய பிறகு எழுதுவது இது.

கட்டில், அடுப்பு, 100 லிட்டர் தண்ணீர் டேங்க், கூரையில் சோலார் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. பேட்டரியில் ஏசி ஒரு மணி நேரம் ஓடினால் அதிகம். அது தெரிந்தே செய்த செலவு. என் வழக்கெல்லாம் இடப்பக்கம் இருக்கிற அந்த இழுவைக் கதவோடுதான்.

மாமல்லபுரத்தில் கிளம்பித் தெற்கே போகிறவருக்குக் கடல் இடது கைப்பக்கம். வேன் கதவும் இடது பக்கம். எங்கே ஓரங்கட்டிக் கதவை இழுத்தாலும் எதிரே கடல். யாரும் யோசித்துச் செய்ததல்ல, வண்டியே அப்படித்தான் வருகிறது. தரங்கம்பாடியில் ஒரு விடிகாலை, 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டைக்குக் கொஞ்சம் தள்ளி நிறுத்தியிருந்தோம். கட்டிலைவிட்டு எழாமலே காலால் கதவைத் தள்ளினேன். படகுகள் கரைக்குத் திரும்பிக்கொண்டிருக்க, அவற்றுக்குப் பின்னால் சூரியன் ஏறியது. "கட்டின இஎம்ஐ எல்லாம் இதுக்கே சரியாப்போச்சு" என்றாள் மனைவி. வண்டிச் செலவு பற்றி அவள் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. வடக்கே திரும்பும்போது அதே கதவைத் திறந்தால் முள்வேலியோ யார் வீட்டுக் கொல்லையோதான். அதனால் திரும்பி வருவதை மதுரை வழியாக நாலுவழிச் சாலையில் முடித்துவிடுகிறோம்.

கடலைப் பார்த்த கதவு கடல் கொடுப்பதையும் வாங்கித்தானே ஆகவேண்டும்? முதல் முறை மாட்டிக்கொண்டது வேதாரண்யத்தில். காலை ஐந்தரை, அவசரமாக இறங்கவேண்டும், கதவு அசையவில்லை. நான் தோளைக் கொடுத்துத் தள்ள, மகன் பிடியில் தொங்கி இழுக்க, ம்ஹூம். கடைசியில் டிரைவர் சீட்டைத் தாண்டிக் குதித்தேன். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்தே வந்து அள்ளிய உப்பு, எனக்கு நான் தூங்கிக்கொண்டிருந்தபோதே சேனலுக்குள் வந்து சேர்ந்திருந்தது.

ஏன் காலையில் மட்டும் மக்கர் செய்கிறது என்பது புரியவே ஒரு வருஷம் ஆனது. மழை நாளில் அடுக்களை உப்பு ஜாடி கசிகிறதே, அதே சங்கதி. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையும். கடலோர ராத்திரிகளில் அதற்குக் குறைந்தால்தான் அதிசயம். பகலில் காய்ந்து கட்டியாகும், இரவில் ஊறும். இதில் பட்டறைக்காரர் அலுமினியச் சேனலைச் சாதா இரும்புத் திருகு போட்டுப் பிடித்திருந்தார். இரண்டு உலோகம், நடுவில் உப்புத் தண்ணீர். பேட்டரி செய்ய வேறென்ன வேண்டும்? திருகைச் சுற்றிலும் அலுமினியம் வெள்ளை மாவாக உதிர்ந்தது. கேட்டால், "ஊருக்குள்ள ஓட்டுற வண்டிக்குத்தான் சார் அந்த ரேட்டு" என்கிறார். வண்டி கடற்கரைக்கு என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். நியாயமாகச் சொன்னால் நானும் திருகைப் பற்றிக் கேட்கவில்லை. இப்போது உப்பைத் தாங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ் திருகும், உலோகங்கள் ஒன்றையொன்று தொடாமலிருக்க நைலான் வாஷரும் போட்டிருக்கிறேன்.

இதற்கு நடுவில் என் சொந்தப் புத்தியும் வேலை செய்தது. சேனல் முழுக்க கிரீஸ் அப்பினேன். இரண்டு நாள் சுகம். திருச்செந்தூர் மெக்கானிக் விரலால் வழித்துக் காட்டினார், சிவப்பாக, நறநறவென்று. "யாரு அண்ணாச்சி இதுல கிரீஸ் வைக்கச் சொன்னா? தேரி மண்ணு பூரா இதுலதான் கெடக்கு." தேரி என்றால் அந்தப் பக்கத்துச் செம்மணல் மேடு. அந்த மண்ணைக் கிரீஸில் ஒட்டவைத்து, ரோலர்களை அரைக்க நானே மாவு பிசைந்து வைத்திருந்தேன்.

மருந்து எளிது: தினமும் சாயங்காலம் நல்ல தண்ணீர் ஊற்றிச் சேனலைக் கழுவித் துடைத்து, சிலிக்கான் ஸ்பிரே அடிக்கவேண்டும். ஆனால் நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? தொண்டியைத் தாண்டினால் நாங்கள் வண்டி கழுவ நிறுத்திய இடத்திலெல்லாம் போர்வெல் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உவர். உப்பை உப்பால் கழுவிவிட்டு, கழுவியாகிவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். கடைசியில் 20 லிட்டர் குடிதண்ணீர் கேன் வாங்கி, மனிதர்கள் அரைக் குளியலோடு நிறுத்திக்கொண்டு, கதவைக் குளிப்பாட்டினோம். உப்பைத் தின்றது வண்டி, தண்ணீருக்கு அலைந்தது நான்.

தனுஷ்கோடியைத் தனியாகச் சொல்லவேண்டும். போகும்போது இடப்பக்கம் வங்காள விரிகுடா, ஊர்க்காரர்கள் பெண் கடல் என்பார்கள், குளம் மாதிரி கிடக்கும். திரும்பும்போது கதவு மறுபக்கத்து மன்னார் வளைகுடாவை, அவர்கள் சொல்லும் ஆண் கடலை, பார்க்கும். அலை உடைகிற சாரல் மணலோடு வந்து அறையும். சாயங்காலமானால் எல்லாரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள், அந்த மட்டும் கதவு தப்பித்தது.

"கதவை நிலத்துப் பக்கம் வச்சு நிறுத்த வேண்டியதுதானே" என்றான் நண்பன். செய்யாமலா இருந்தேன்? மணப்பாட்டில் ஒரு ராத்திரி அப்படி நிறுத்தி, ஒரு மதில் சுவரைப் பார்த்துக்கொண்டே மீன் குழம்பு சாப்பிட்டோம். மறுநாள் கதவு வெண்ணெய் மாதிரி நகர்ந்தது. யாருக்கும் இறங்கத் தோன்றவில்லை.

ஆகவே அவனுக்கு என் பதில்: வாங்காதே. அந்தக் காசுக்கு ஊர் ஊராக ரூம் போட்டுப் போ, கதவு திறக்கிறதா என்பது லாட்ஜ்காரன் கவலை. பில் இன்னும் சட்டைப்பையில் இருப்பதால் இப்படிப் பேசுகிறேனோ என்னவோ. "அப்ப உன் வண்டியை எனக்குக் குடுத்துடு" என்றான். அதெல்லாம் நடக்காது. தை பிறந்ததும் கோடியக்கரை போகிறோம், பூநாரை வந்திருக்கும். தண்ணீர் கேன் நாலு சொல்லியாச்சு.