வேலை கின்ஷாசா என்றார்கள், டிக்கெட்டில் கிகாலி இருந்தது

ஆப்பிரிக்காவுக்கு ரிக் (ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி) வேலைக்குக் கிளம்பும் நம் பக்கத்துப் பையன்கள் இதைப் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். வீட்டில் ஒருத்தர் அப்படிக் கிளம்பிக்கொண்டிருந்தால் அவருக்கும் காட்டுங்கள்.

திருச்செங்கோட்டில் 11 வருடமாக ரிக் வண்டியில் டிரில்லர் நான். எங்கள் ஊரிலிருந்து வண்டியும் ஆளும் ஆப்பிரிக்கா போவது புதிதில்லை. போய்வந்து வீடு கட்டியவர்களைப் பார்த்துத்தான் எனக்கும் ஆசை வந்தது. 2024 நவம்பரில் சேலத்தில் ஒரு டிராவல்ஸ்காரர் பழக்கமானார். காங்கோ நாட்டில் வேலை, மாதம் 900 டாலர், சாப்பாடும் தங்குமிடமும் கம்பெனி பொறுப்பு. “எந்த ஊருங்க?” என்று கேட்டேன். “கின்ஷாசா தம்பி, தலைநகரம். நம்ம சென்னை மாதிரி” என்றார். விசா, டிக்கெட், மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்டதற்கான கார்டு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஒரே ‘செட்’. விலை 1,85,000 ரூபாய். 40,000 கூகுள் பேயில் போட்டேன். மிச்சத்தை ரொக்கமாகக் கேட்டார், கொடுத்தேன். ரசீது கேட்கவில்லை.

டிசம்பர் கடைசியில் செட் வந்தது. மஞ்சள் அட்டைப் புத்தகத்தில் என் பெயர், பாஸ்போர்ட் நம்பர், முத்திரை எல்லாம் இருந்தன. எனக்கு யாரும் ஊசி போடவில்லை. “போட்டா ரெண்டு நாள் காய்ச்சல் வரும், எதுக்குத் தம்பி? கார்டு இருந்தா போதும்” என்றார்.

முதலில் பிடித்தது என் கொழுந்தியா. கிராம சுகாதார செவிலியர். வீட்டுக்கு வந்தவள் கார்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “மாமா, தேதி டிசம்பர் 8 போட்டிருக்கு. அன்னிக்கு ஞாயித்துக்கிழமை. மருந்தோட பேட்ச் நம்பரும் இல்லை. இதை நம்பிப் போகாதீங்க” என்றாள். ஜனவரி 6 அன்று பாஸ்போர்ட்டோடு சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போனேன். அங்கே இருந்தவர் பழைய கார்டைப் பார்த்துவிட்டு, “இது எங்க முத்திரையே இல்லைங்க” என்றார். உண்மையான ஊசி போட்டுக்கொண்டேன். கட்டணம் 300 ரூபாய். போட்டு 10 நாள் கழித்துத்தான் அந்தச் சான்று செல்லும். அதன் பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். 2016 முதல் அதுதான் உலகளாவிய விதி. காங்கோவுக்குள் நுழைய இது கட்டாயம். அங்கிருந்து திரும்பும்போது சரியான கார்டு இல்லாவிட்டால் நம் நாட்டு விமான நிலையத்திலேயே 6 நாள் வரை தனியாக வைத்துவிடுவார்கள். அதைவிட, அந்த நோய் வந்துவிட்டால் அதற்கென்று மருந்து கிடையாது. 300 ரூபாய் ஊசியில் ஒருவன் உயிரோடு விளையாடியிருக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது.

கார்டே பொய் என்றால் மற்றது எப்படி இருக்கும்? சென்னையிலிருந்து திரும்பும் ரயிலிலேயே எல்லாக் காகிதத்தையும் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

டிக்கெட் ஜனவரி 20-க்கு. அடிஸ் அபாபா போய் அங்கிருந்து கிகாலி. கிகாலி ருவாண்டாவின் தலைநகரம், காங்கோவே இல்லை. கின்ஷாசா அங்கிருந்து 1,500 கிலோமீட்டருக்கு மேல். நடுவில் பெருங்காடு, நம்பிப் போக ரோடு கிடையாது. கின்ஷாசா போகிறவனை எதற்குக் கிகாலியில் இறக்க வேண்டும்? கம்பெனி அழைப்புக் கடிதம் பிரெஞ்சில் இருந்தது. எனக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனாலும் எழுத்துக் கூட்டிப் படித்ததில் ஒரு ஊர்ப் பெயர் கிடைத்தது: கோமா, வட கிவு மாகாணம்.

எங்கள் பங்காளி அண்ணன் ஒருவர் ஆறு வருடமாக லுபும்பாஷியில் இருக்கிறார். அதுவும் காங்கோதான், தென்கிழக்கில் செம்புச் சுரங்கம் இருக்கும் பக்கம். கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். பத்து நிமிடத்தில் கூப்பிட்டார். “கண்ணு, லுபும்பாஷி வேற, கின்ஷாசா வேற, கோமா வேற. கோமாவுக்கு மேக்கால சண்டை நடந்துட்டிருக்குது. அந்த மாகாணமே 2021-லிருந்து ராணுவத்துக் கையில இருக்குது. நீ வர வேண்டாம்” என்றார். பிறகு என்னை வெட்கப்பட வைத்த ஒன்றைச் சொன்னார். “கடிதத்துல உன்னை ஹேமர், அதான் பாறையை அடிச்சு உடைக்கிற கருவி, ஓட்டத் தெரியுமான்னு கேட்டிருக்காங்க. கின்ஷாசா பெரும்பாலும் மணல் பூமி, அங்க எதுக்கு அத்தனை ஹேமரும் அது முனையில மாட்டுற பட்டன் பிட்டும்? கோமாதான் எரிமலைக் குழம்பு மேல கட்டின ஊரு.” பதினோரு வருடம் பாறையைத் துளைத்தவன் நான். “அங்கே என்ன பாறைங்க?” என்று ஏஜென்டிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருப்பார்.

அன்றிரவு உட்கார்ந்து படித்தேன். பணம் கட்டுவதற்கு முன் செய்திருக்க வேண்டியது. கோமா ருவாண்டா எல்லையில், கிவு ஏரிக் கரையில் இருக்கிறது. விமான நிலையத்திலிருந்து ரோடு வழியாக எல்லை தாண்டி நுழையத் தோதான இடம் கிகாலி. M23 என்ற ஆயுதக் குழு கோமாவைச் சுற்றிப் பல ஊர்களை ஏற்கெனவே பிடித்து வைத்திருந்தது. பக்கத்து நீராகோங்கோ எரிமலை 2002-லும் 2021-லும் வெடித்தது. 2022 ஜூலையில் அதே மாகாணத்து புட்டெம்போவில் ஐ.நா. அமைதிப் படையில் இருந்த நம் எல்லைப் பாதுகாப்புப் படை வீரர்கள் இரண்டு பேர் கலவரத்தில் கொல்லப்பட்டார்கள். இதெல்லாம் ரகசியம் இல்லை. பிரிட்டன் அரசின் பயண எச்சரிக்கைப் பக்கத்தில் வரைபடமே இருக்கிறது, நாட்டை மாகாணம் மாகாணமாகப் பிரித்து நிறம் பூசியிருப்பார்கள். ‘காங்கோ பாதுகாப்பா?’ என்று தேடினால் ஆளுக்கொரு பதில் வரும். ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடினால்தான் விஷயம் தெரியும். தேடும்போது இன்னொன்றும் பாருங்கள்: காங்கோ என்ற பெயரில் இரண்டு நாடுகள் இருக்கின்றன. கின்ஷாசாவுக்கு நேர் எதிர்க்கரையில் பிராசவில், அது வேறு நாட்டின் தலைநகரம். ஒன்றின் விசா மற்றதில் செல்லாது.

இன்சூரன்ஸ் காகிதம் சுற்றுலாப் பயணிக்கானது. போர், உள்நாட்டுக் கலவரம் என்றால் பணம் கிடையாது. உடல் உழைப்பு வேலையில் அடிபட்டாலும் கிடையாது. ஒரு டிரில்லருக்கு, சண்டை நடக்கும் ஊரில், இது எதற்கு உதவும்?

ஜனவரி 16 அன்று சேலம் போய்க் கேட்டேன். “கோமாவும் காங்கோதானே தம்பி. நான் பொய் சொன்னேனா?” என்றார். பணத்தைத் திருப்பித் தர முடியாது என்றார். பெஞ்சில் இன்னொரு தம்பி உட்கார்ந்திருந்தான். ராசிபுரம் பக்கம், 23 வயது. அதே விமானம், அதே செட். வெளியே கூட்டிப்போய் எல்லாம் சொன்னேன். “அண்ணா, அம்மா நகையை வெச்சுக் கட்டிட்டேன். போகாம எப்படிங்க இருக்கிறது?” என்றான். அவனைத் தடுக்க என்னால் முடியவில்லை. இன்றும் அது மனதில் கிடக்கிறது.

அவன் 20-ஆம் தேதி ஏறி, 22-ஆம் தேதி கோமா போய்ச் சேர்ந்தான். 23-இல் பக்கத்து சாக்கே ஊர் விழுந்தது. 27-இல் M23 கோமாவுக்குள் நுழைந்தது. கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை. கம்பெனி ஆள் போனை எடுக்கவில்லை. ஷெட்டுக்குள் சிமென்ட் மூட்டைகளுக்குப் பின்னால் மூன்று நாள் படுத்திருந்திருக்கிறான். கையில் பழைய, ஓரம் கிழிந்த டாலர் நோட்டுகள். அங்கே அப்படிப்பட்ட நோட்டை யாரும் வாங்குவதில்லை என்பதுகூட அவனிடம் சொல்லப்படவில்லை. கடைசியில் வேறு சில இந்தியர்களோடு சேர்ந்து எல்லை தாண்டி ருவாண்டாவுக்குள் வந்து, வீட்டில் கடன் வாங்கி அனுப்பிய பணத்தில் டிக்கெட் போட்டுத் திரும்பினான். இங்கே இறங்கியதும் அந்தப் பொய்க் கார்டைப் பார்த்துத் தனியாக வைத்துவிட்டார்கள். அம்மா ஏர்போர்ட் வாசலில் நின்றுவிட்டு, மகனைப் பார்க்காமலே ஊருக்கு பஸ் ஏறினார்.

புகார் கொடுக்கப் போனபோது தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். 1983 குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க மத்திய அரசின் பதிவு வேண்டும். பதிவு பெற்றவர்களின் பட்டியல் இ-மைகிரேட் தளத்தில் இருக்கிறது. எங்கள் ஆள் அதில் இல்லை, டிக்கெட் போடும் கடைதான் நடத்துகிறார். பதிவு பெற்ற ஏஜென்டுகூட 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். நான் கட்டியதோ அதற்கு ஆறு மடங்கு. இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. குடிபெயர்வு அனுமதி கட்டாயமான 18 நாடுகளின் பட்டியலில் ஈராக், லிபியா, ஏமன் உண்டு, காங்கோ இல்லை. அதனால் என் ஒப்பந்தத்தை எந்த அதிகாரியும் பார்த்திருக்க மாட்டார். பார்க்க வேண்டியவன் நான் மட்டும்தான்.

போலீஸ் கூப்பிட்டு விசாரித்த பிறகு 60,000 திரும்ப வந்தது. கூகுள் பேயில் போனதற்கு ஆதாரம் இருந்ததால்தான் அந்தப் பேச்சே நடந்தது. ரொக்கமாகக் கொடுத்ததில் மீதியை வாங்கவே இல்லை என்று சாதிக்கிறார். அந்தத் தம்பிக்கு ஒரு ரூபாயும் வரவில்லை. அவனையும் அழைத்துப்போய் அயலகத் தமிழர் நலத்துறையில் மனு கொடுத்திருக்கிறோம்.

போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. லுபும்பாஷி அண்ணன் நல்லபடியாகத்தான் இருக்கிறார். ஊர் எது, எந்த வழியாகப் போகிறோம், சண்டை வந்தால் யார் செலவில் எப்படித் திரும்புவது என்று மூன்றையும் எழுத்தில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள். ஊசியை நீங்களே நேரில் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள். மலேரியா மாத்திரை பற்றி டாக்டரைக் கேளுங்கள். சில மாத்திரைகளைத் திரும்பி வந்த பிறகும் நான்கு வாரம் விழுங்க வேண்டும். போனதும் இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள். பாஸ்போர்ட், ஒப்பந்தம் இரண்டின் நகலும் வீட்டில் ஒருத்தரிடம் இருக்கட்டும்.

போன வாரம் எங்கள் ரிக் ஆட்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு விளம்பரம் வந்தது. ‘ஆப்பிரிக்கா ரிக் வேலை, மாதம் 900 டாலர், சாப்பாடு தங்குமிடம் இலவசம், செட் ரெடி.’ போன் நம்பர் புதிது, வாசகம் அதே வாசகம். எந்த ஊர் என்று கேட்டுப் பதில் போட்டேன். ஒரு மணி நேரத்தில் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.