மேம்படுத்தலுக்குப் பின் கணினி நின்றதும் “டிஸ்க் போய்விட்டது” என்றால் நம்பிவிடாதீர்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிகிறது என்ற அறிவிப்பு திரையில் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்ததால், அதற்கு மூன்று வாரங்கள் இருக்கும்போதே என் மடிக்கணினியை விண்டோஸ் 11-க்கு மாற்றிவிடத் தீர்மானித்தேன். தகுதிச் சோதனையில் எந்தக் குறையும் சொல்லப்படவில்லை; எட்டாம் தலைமுறை இன்டெல் செயலி, டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு, செக்யூர் பூட் என்று கேட்டவை எல்லாம் இருந்தன. ஆறு நாட்கள் கழித்து அதே கணினி ஒரு சர்வீஸ் சென்டரிலிருந்து என்னிடம் திரும்பி வந்தபோது, அதில் வேறொரு டிஸ்க் இருந்தது, புதிதாக நிறுவிய விண்டோஸ் இருந்தது, என் கோப்புகளில் ஒன்றுகூட இல்லை. நான் மொழிபெயர்ப்பாளர். கடைசியாகக் காப்புப்பிரதி எடுத்த நாளுக்குப் பின் செய்த ஏழு மாத வேலை அப்படியே போயிற்று. இது தவிர்த்திருக்கக்கூடிய இழப்பு என்பது தெரிந்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் பங்குத் தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மேம்படுத்தல் முக்கால் பங்கு வரை ஒழுங்காகவே போனது. இரண்டாவது மறுதொடக்கத்துக்குப் பின் திரை கறுத்துவிட்டது; விசிறி ஓடும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நாற்பது நிமிடம் பார்த்துவிட்டு, பொறுமை இழந்து பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தேன். அப்படிச் செய்திருக்கக் கூடாது. டிஸ்க் இயங்குவதைக் காட்டும் சிறு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும்வரை மேம்படுத்தல் நடந்துகொண்டிருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும். சில கணினிகளில் அது மணிக்கணக்கில் இழுக்கும். கறுத்த திரை பல வேளைகளில், திரையை இயக்கும் மென்பொருளான டிஸ்ப்ளே டிரைவரின் கோளாறாகவே இருக்கும். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு விசைகளையும் சேர்த்து அழுத்தினால் அந்த டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கிப் படம் திரும்பிவிடுவதும் உண்டு.

அடுத்து நான் செய்தது இதைவிடப் பெரிய தவறு. ஏதோ ஒரு காணொளியில் கண்டபடி கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போய், எல்லா அமைப்புகளையும் தொடக்க நிலைக்குத் திருப்பிச் சேமித்தேன். அதன் பிறகு விண்டோஸ் ஏறவே இல்லை. நீலத்திரை வந்து “இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்” என்று காட்டும். தானாக மறுதொடக்கம் ஆகும். மறுபடியும் அதே திரை. சில முறை இப்படி ஆன பின் மீட்புத் திரை வந்து, டிஸ்க்கைக் குறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் வசதிக்கான 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது. பிட்லாக்கரை நான் என் கையால் இயக்கியதே இல்லை என்பதால், கணினியை யாரோ பூட்டிவிட்டார்கள் என்றே பயந்துபோனேன். மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொண்டு உள்நுழையும் பல மடிக்கணினிகளில் டிஸ்க் குறியாக்கம் தானாகவே இயங்கத் தொடங்கிவிடும் என்பதும், அப்போது உருவாகும் சாவி அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும் என்பதும் அன்று எனக்குத் தெரியாது.

சர்வீஸ் சென்டரில் மடிக்கணினியை வாங்கியவர் அதை இயக்கினார், நீலத்திரையைப் பார்த்தார், மூடினார். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. “டிஸ்க் போயிடுச்சு மேடம். மேம்படுத்தும்போது இப்படித்தான் அடிபடும். வேற மாத்தணும்” என்றார். என் கோப்புகள் வேண்டும் என்றேன். “முயற்சி பண்ணிப் பார்க்கிறோம், உறுதி சொல்ல முடியாது” என்று சொல்லி ஒரு படிவத்தை நீட்டினார். தரவு இழப்புக்கு மையம் பொறுப்பல்ல என்ற வரி அதன் அடியில் சிறிய எழுத்தில் இருந்ததை, கையெழுத்துப் போட்ட பிறகு வீட்டில் வைத்துத்தான் படித்தேன். மீட்புச் சாவி என்ற சொல்லையே அவர் எடுக்கவில்லை. கடைசியாக என்ன செய்தீர்கள், பயாஸில் எதையாவது மாற்றினீர்களா என்றும் கேட்கவில்லை. மேம்படுத்தலுக்குப் பின் நின்றுபோன எந்தக் கணினிக்கும் கேட்டாக வேண்டிய முதல் இரண்டு கேள்விகள் இவைதாம்.

ஐந்தாம் நாள் அழைத்து, வேலை முடிந்தது என்றும் கோப்புகளை எடுக்க முடியவில்லை என்றும் சொன்னார்கள். பட்டியலில் புதிய எஸ்எஸ்டி (சுழலும் பாகமில்லாத டிஸ்க்), ஒரிஜினல் விண்டோஸ் உரிமம், தரவு மீட்பு முயற்சி என்று மூன்று தனித்தனிக் கட்டணங்கள் இருந்தன. மறுநாள் போய் முழுவதையும் கட்டினேன். பழைய டிஸ்க்கைக் கேட்டபோது, மாற்றிய பாகங்களைத் திருப்பித் தருவது வழக்கமில்லை என்றார்கள். அது என் பொருள், அது கைக்கு வராமல் நான் போகமாட்டேன் என்று நின்ற பிறகு, உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துவந்தார்கள். அன்று அங்கே நின்று கேட்டதால்தான் இப்போது என் கையில் ஆதாரம் என்று சொல்ல ஏதோ இருக்கிறது.

கணினி வேலை தெரிந்த உறவினர் ஒருவர் அந்த வார இறுதியில் வந்து பார்த்தார். முதலில் உள்ளே போட்டிருந்த “புதிய” எஸ்எஸ்டியைச் சோதித்தார். எஸ்எஸ்டி ஒவ்வொன்றும் தன் வாழ்நாள் கணக்கைத் தனக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறது. எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை முறை இயக்கப்பட்டது, எவ்வளவு எழுதப்பட்டது, எத்தனை பிழை வந்தது என்பதையெல்லாம் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளைத் திறந்தால் ஒரே திரையில் பார்த்துவிடலாம். இரண்டு நாள் முன்பு பெட்டி பிரித்துப் போட்டதாகச் சொன்ன டிஸ்க், 9,000 மணி நேரத்துக்கு மேல் ஓடியிருந்தது. மேலே ஒட்டியிருந்த தாள் மட்டும்தான் புதிது.

பிறகு என் பழைய டிஸ்க்கை ஒரு யுஎஸ்பி உறையில் பொருத்தி அவருடைய கணினியில் இணைத்தார். அது உடனே தென்பட்டது. ஊடகப் பிழைகள் சுழியம். பழுதாகும் பகுதிகளுக்கு மாற்றாக ஒதுக்கிய இடம் 100 சதவீதமும் மீதி. பயன்பட்ட ஆயுள் வெறும் 6 சதவீதம். முழுவதையும் படித்துப் பார்க்கும் சோதனையை ஓடவிட்டோம். ஒரு பிழையும் வரவில்லை. ஆனால் அதில் இருந்தது ஒரே ஒரு காலிப் பகுதி. மறைந்திருக்கும் கோப்புகளைக் காட்டச் செய்து, ஃபார்மட் செய்த பின் விண்டோஸ் தானாக உருவாக்கும் “சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்” என்ற கோப்புறை எப்போது உருவானது என்று பார்த்தார். நான் கணினியை ஒப்படைத்ததற்கு மறுநாள், முற்பகல். செத்துப்போன டிஸ்க்கை யாராலும் ஃபார்மட் செய்ய முடியாது. அதில் எழுத முடிந்தது, படிக்க முடிந்தது, பகுதி பிரிக்க முடிந்தது. அத்தனையும் செய்து பார்த்த பிறகும், அது கெட்டுவிட்டது என்ற பேச்சை அவர்கள் மாற்றிக்கொள்ளவில்லை.

அதே மாலையில் என் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, சாதனங்கள் பக்கத்தில் மீட்புச் சாவி இருக்கிறதா என்று தேடினோம். இருந்தது. எட்டுத் தொகுதிகளாக, தொகுதிக்கு ஆறு இலக்கங்கள். நீலத்திரை வந்த அன்றே அதைக் கைபேசியில் பார்த்துத் தட்டச்சு செய்திருந்தால், கோப்புகள் முழுவதும் அப்படியே கிடைத்திருக்கும். இப்போது அந்தச் சாவியால் ஒரு பயனும் இல்லை. பழைய சுழல் டிஸ்க்கில் விரைவு ஃபார்மட் செய்தாலும் அடியில் தரவு கிடக்கும். மீட்பு மென்பொருள் தோண்டி எடுத்துவிடும். எஸ்எஸ்டியில் அப்படி இல்லை. ஃபார்மட் செய்தவுடன் விண்டோஸ் ட்ரிம் என்ற கட்டளையை அனுப்பும். காலியானதாகச் சொல்லப்பட்ட பகுதிகளை டிஸ்க்கே துடைக்கத் தொடங்கிவிடும். போதாததற்கு, மீட்புச் சாவி என்பது டிஸ்க்கிலேயே இருக்கும் குறியாக்கக் குறிப்புகளோடு சேர்ந்துதான் வேலை செய்யும். அந்தக் குறிப்புகளும் போய்விட்டன. தரவு மீட்பு முயற்சிக்கென்று என்னிடம் கட்டணம் வாங்கியவர்கள், மீட்க முடியாமல் செய்யும் வேலையைத்தான் முதலில் செய்திருக்கிறார்கள். எனக்கு ஆறவே ஆறாதது இதுதான்.

விண்டோஸ் உரிமத்துக்கு வாங்கிய கட்டணமும் வீண் கட்டணமே. விண்டோஸ் 10 ஏற்கெனவே முறையாக இயங்கிய கணினியில் அதன் டிஜிட்டல் உரிமம் மதர்போர்டோடு பிணைந்திருக்கும். டிஸ்க்கை மாற்றி அதே பதிப்பை நிறுவினால், இணையத்தில் இணைந்ததும் தானாகவே செயல்படும். புதிய உரிமம் வாங்க வேண்டிய தேவையே இல்லை. இதைவிட மோசம், அலுவலக மென்பொருள்களை அவர்களாகவே நிறுவி, உரிமமின்றி அவற்றைச் செயல்படச் செய்யும் ஒரு கருவியையும் உள்ளே வைத்திருந்தார்கள். அதைத் தீநிரல் தடுப்பு பிடித்துவிடக் கூடாது என்று, டிஃபெண்டரின் விலக்குப் பட்டியலில் அந்தக் கோப்புறையைச் சேர்த்தும் இருந்தார்கள். சர்வீஸிலிருந்து வரும் எந்தக் கணினியிலும் அந்தப் பட்டியலை ஒருமுறை திறந்து பாருங்கள். நாங்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவினோம்.

உண்மையான காரணம் பயாஸில் இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் விண்டோஸைப் புதிதாக நிறுவித் தந்ததும் இதே உறவினர்தான். அப்போது டிஸ்க்கை அணுகும் முறையை ரெய்டிலிருந்து ஏஹெச்சிஐ-க்கு அவர் மாற்றியிருந்தார். நான் அமைப்புகளைத் தொடக்க நிலைக்குத் திருப்பியபோது அது மறுபடி ரெய்டு ஆகிவிட்டது. விண்டோஸ் தன் டிஸ்க்கைத் தானே காண முடியாமல் திகைத்ததன் அடையாளம்தான் அந்த நீலத்திரை. திரும்பி வந்த கணினியிலும் அந்த அமைப்பு ரெய்டு என்றே இருந்தது; அதை அங்கே ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை. ஒரே ஒரு வரியை மாற்றியிருந்தால் விண்டோஸ் ஏறியிருக்கும். பாதியில் நின்ற மேம்படுத்தலை நிறுவல் நிரல் முடித்திருக்கும், அல்லது தானாகவே பின்வாங்கி விண்டோஸ் 10-ஐத் திருப்பித் தந்திருக்கும்.

நீலத்திரை என்றாலே வன்பொருள் செத்துவிட்டது என்று நினைப்பவர்கள் 2024 ஜூலை 19-ஐ நினைத்துப் பார்க்கலாம். அன்று கிரௌட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான ஒரு புதுப்பிப்பால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் முடங்கின. டிஸ்க்கை மாற்றியா சரிசெய்தார்கள்? பாதுகாப்பு நிலையில் (சேஃப் மோட்) கணினியைத் திறந்து ஒரு கோப்பை நீக்கினார்கள். அங்கும் பலரை நெடுநேரம் நிறுத்திவைத்தது பிட்லாக்கர் சாவி கையில் இல்லாததே. நேற்று வரை ஓடிய கணினி மேம்படுத்திய அதே மணி நேரத்தில் நின்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியவை டிரைவரும் பயாஸ் அமைப்பும் தொடக்கக் கோப்புகளுமே. டிஸ்க் தற்செயலாக அதே வேளையில் போயிருக்கவும் கூடும்தான். ஆனால் அப்படிச் சொல்பவர் சோதனையின் முடிவைத் திரையில் காட்டிவிட்டுச் சொல்ல வேண்டும்.

இப்போது இதே நிலையில் இருப்பவர்கள் எதையும் மாற்றுவதற்கு முன் வேறொரு கருவியில் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து சாவியைக் குறித்துக்கொள்ளுங்கள். மீட்புத் திரையில் தெரியும் சாவி அடையாள எண்ணும் கணக்கில் உள்ளதும் ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள். பென்டிரைவ், டாக் எனும் இணைப்புப் பெட்டி, பிரிண்டர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒருமுறை இயக்குங்கள். விண்டோஸ் ஏறாவிட்டால், மீட்புத் திரையின் மேம்பட்ட விருப்பங்களில் தொடக்கப் பழுதுநீக்கம், பாதுகாப்பு நிலை, கடைசிப் பெரிய புதுப்பிப்பை நீக்குதல் ஆகியவை இருக்கும். பழைய விண்டோஸ் “விண்டோஸ்.ஓல்ட்” கோப்புறையில் பத்து நாட்களுக்கு வைக்கப்பட்டிருக்கும் என்பதால், கடைசியாகச் சொன்ன வழிக்கு அந்தக் கெடுவுக்குள் முந்திக்கொள்ள வேண்டும். என் கணினி ஆறு நாள் வேறொருவர் மேசையில் கிடந்தது. பயாஸில் எதை மாற்றுவதானாலும் முன்பு இருந்ததைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் அதைச் செய்யவில்லை.

வெளியே கொடுத்தே ஆக வேண்டும் என்றால், என் அனுமதி எழுத்தில் இல்லாமல் ஃபார்மட் செய்யக் கூடாது என்று அவர்கள் படிவத்திலேயே உங்கள் கையால் எழுதுங்கள். அதற்கு மறுப்பவர்களிடம் கொடுக்காதீர்கள். டிஸ்க்கின் வரிசை எண்ணைக் கொடுக்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள். மாற்றிய பாகம் திரும்பி வர வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். பணம் கட்டுவதற்கு முன், அங்கேயே அவர்கள் முன்னிலையில் புதிய டிஸ்க் ஓடிய மணிக் கணக்கைப் பாருங்கள்.

இரண்டு டிஸ்க்குகளின் சோதனைத் திரைகளையும், ஃபார்மட் நடந்த தேதி தெரியும் படத்தையும், ரசீதையும் இணைத்து அந்த மையத்துக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார் அனுப்பியிருக்கிறேன். எந்தச் சோதனையை வைத்து டிஸ்க் கெட்டதாக முடிவு செய்தீர்கள் என்பதுதான் என் முதல் கேள்வி. படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே என்று மட்டும் பதில் வந்தது. அந்தக் கையெழுத்து, நல்ல டிஸ்க்கைக் கெட்டது என்று சொல்லி ஓடித் தேய்ந்த ஒன்றைப் புதியதென்று விற்பதற்குக் கொடுத்த சம்மதம் அல்ல என்று பதில் எழுதிவிட்டு, அடுத்ததாக நுகர்வோர் குறைதீர்ப்புக்கான மனுவைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். பழைய டிஸ்க்கில் இதுவரை எதையும் எழுதவில்லை. அது அதே பிளாஸ்டிக் உறையில்தான் இருக்கிறது.