"ராயல் அக்வா மாஸ்டர்" என்று விற்கும் பழைய ரெகுலேட்டர்கள்: பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

பழைய ஸ்கூபா சாமான் சேர்க்கும் பைத்தியம் உள்ள நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். ஆன்லைனில் "ராயல் அக்வா மாஸ்டர், முழுக்க சர்வீஸ் செய்தது, அப்படியே கடலில் இறங்கலாம்" என்று ஒருவர் போட்டிருந்தார். ரெகுலேட்டர் என்பது சிலிண்டரில் அடைத்த காற்றின் அழுத்தத்தைக் குறைத்து மூச்சு இழுக்கத் தரும் கருவி. கூடவே ஒரு ஸ்டீல் 72 சிலிண்டர் (72 கன அடி காற்று பிடிக்கும் எஃகு சிலிண்டர்). இரண்டுக்கும் சேர்த்து என்னிடம் 700 டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டு அவர் அனுப்பியதில் ராயலும் இல்லை, சர்வீஸும் இல்லை, ஸ்டீலும் இல்லை.

ராயல் என்றால் ஏன் விலை ஏறுகிறது என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் பின்கதை. கடலாய்வாளர் கூஸ்டோவும் பொறியாளர் கக்னானும் 1943-இல் பிரான்ஸில் செய்துகாட்டிய அக்வா லங் என்ற நீரடி மூச்சுக் கருவியை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து விற்று வளர்ந்தது யு.எஸ். டைவர்ஸ் கம்பெனி. லாஸ் ஏஞ்சலஸில் முளைத்தது என்பதால் கலிஃபோர்னியா பக்கம் கராஜ் சேல்களில் அவர்களுடைய இரட்டைக் குழாய் ரெகுலேட்டர்கள் இன்றைக்கும் கண்ணில் படும். முதுகுக்குப் பின்னால் உட்காரும் அந்த வட்டப் பெட்டி, தோளுக்கு மேலாக வாய்க்கு வரும் இரண்டு மடிப்புக் குழாய்கள், பார்த்தாலே தெரிந்துவிடும். எந்த மாடல் என்பதில்தான் விளையாடுகிறார்கள். மிஸ்ட்ரல் ஒரே ஸ்டேஜ், அதாவது காற்றின் அழுத்தத்தை ஒரே படியில் இறக்கும். 1958-இல் வந்த அக்வா மாஸ்டர் இரண்டு ஸ்டேஜ். அறுபதுகளில் வந்த ராயலும் இரண்டு ஸ்டேஜ்தான், ஆனால் முதல் ஸ்டேஜ் பேலன்ஸ்டு, அதாவது சிலிண்டரில் காற்று குறையக் குறைய மூச்சு இழுக்கும் விதம் மாறாது. வெளியே அக்வா மாஸ்டரும் ராயலும் கிட்டத்தட்ட ஒரே அச்சு, நடுவில் இருக்கும் லேபிளைப் பார்த்துத்தான் பலரும் சொல்கிறார்கள். அந்த லேபிள் இப்போது புதிதாக அச்சடித்தே கிடைக்கிறது. பழையதைப் புதுப்பித்து வைத்துக்கொள்பவர்களுக்கு அது நல்ல விஷயம்தான், தப்பு அதைத் தூக்கி எதன் மேலும் ஒட்டி விற்பவரிடம் இருக்கிறது. போதாக்குறைக்கு அந்தக் காலத்தில் வாய்ட் என்ற பெயரில் விற்ற ரெகுலேட்டர்களில் பல யு.எஸ். டைவர்ஸ் செய்து கொடுத்தவைதான், அதன் பெட்டி மேல் எந்த லேபிளை ஒட்டினாலும் பொருந்தி உட்காரும்.

பார்சல் வந்ததும் நான் எதையும் திறக்கவில்லை. இந்த ரெகுலேட்டர்களையே ரொம்ப வருடமாகப் பழுது பார்க்கும் ஒரு பெரியவர் இருக்கிறார், நேராக அவரிடம் எடுத்துப் போனேன், போனில் வீடியோவை ஓடவிட்டபடியே கொடுத்தேன். அவர் ஸ்க்ரூ டிரைவரைத் தொடும் முன்னால் டார்ச் அடித்துப் பெட்டியின் விளிம்பைச் சுற்றிப் பார்த்தார். இரண்டு பாதியையும் கவ்விப் பிடிக்கும் சின்னச் சின்ன கிளிப்கள் அங்கே வரிசையாக இருக்கும். கிளிப்பும் விளிம்பும் ஒட்டும் இடத்தில் பச்சைக் களிம்பு ஒரே படலமாக, எங்கேயும் விரிசல் விடாமல், ஒரு கிளிப்பிலிருந்து அடுத்த கிளிப் வரை ஓடியிருந்தது. "சர்வீஸ் செய்தார்களாமா?" என்று சிரித்தார். சர்வீஸ் என்றால் கிளிப்பைக் கழற்றியாக வேண்டும், கழற்றினால் அந்தக் களிம்பு உடையாமல் இருக்க வழியே இல்லை. பல வருடமாக அந்தப் பெட்டியை யாரும் திறந்ததே கிடையாது.

அப்புறம் குழாய்கள். படத்தில் கறுகறுவென்று மின்னியது ஏனென்று கையில் எடுத்ததும் புரிந்தது, ஏதோ பாலிஷ் அடித்திருக்கிறார்கள், விரலெல்லாம் கறுப்பு. மடிப்பை இரண்டு கையாலும் இழுத்து விரித்தால் பள்ளத்துக்குள் மயிரிழை போல வெடிப்புகள், சும்மா வைத்துப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. பெட்டியைத் திறந்தபோது வெளிமூச்சு போகும் வாத்து அலகு வால்வு (டக்பில் என்பார்கள், தட்டையான ரப்பர் அலகு) ஓரம் சுருண்டு வாயைத் திறந்து கிடந்தது. அது மூடவில்லையென்றால் தண்ணீர் அந்த வழியாக நேரே குழாய்க்குள் வரும். இதைத்தான் அப்படியே கடலில் இறங்கலாம் என்று எழுதியிருந்தார் அந்த மனிதர்.

கேஜ் போட்டுப் பார்த்தபோது லேபிள் சமாச்சாரமும் வெளுத்தது. சிலிண்டர் அழுத்தம் இறங்க இறங்க இடையழுத்தம் (இரண்டு ஸ்டேஜுக்கும் நடுவில் இருக்கும் அழுத்தம்) ஏறிக்கொண்டே போனது. பேலன்ஸ்டு என்றால் அது ஓரிடத்தில் நிற்கும். உள்ளே இருந்தது சாதாரண அக்வா மாஸ்டர். அது ஒன்றும் மட்டமான சரக்கு இல்லை, எனக்குப் பிடித்த மாடலே அதுதான், ஆனால் அதற்கு ராயல் விலை எதற்கு?

சிலிண்டர் கதை இதைவிட மோசம், அதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. பழைய ஸ்டீல் 72-க்கு அடிப்பாகம் உருண்டையாக இருக்கும், நிற்கவைக்க ரப்பர் பூட் போட்டே ஆக வேண்டும். அலுமினியத்துக்கு அடி தட்டை. வந்த சிலிண்டரிலும் பூட் இருந்தது, மேலே கெட்டியாகச் சாம்பல் பெயின்ட். சந்தேகம் வந்து ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை வைத்தேன், வழுக்கி விழுந்தது. கழுத்துப் பக்கம் பெயின்ட்டைச் சுரண்டினால் 3AA (ஸ்டீலுக்கான குறி) என்று இருக்க வேண்டிய இடத்தில் 3AL (அலுமினியத்துக்கான குறி) என்று குத்தியிருக்கிறது, முதல் டெஸ்ட் தேதி எழுபதுகள். அமெரிக்காவில் 1988 வாக்கு வரை செய்த அலுமினிய ஸ்கூபா சிலிண்டர்களில் நிறைய 6351 என்ற உலோகக் கலவையில் செய்தவை. நாள்பட்ட அழுத்தத்தில் கழுத்துப் பகுதியில், மரை இருக்கும் இடத்தில், விரிசல் விடும் குணம் அதற்கு உண்டு. காற்று நிரப்பும்போதே வெடித்து ஆட்கள் படுகாயம் அடைந்திருக்கிறார்கள். அதற்கென்று எடி கரன்ட் சோதனை (மின்காந்தத்தால் விரிசலைத் தேடுவது) தனியாக வேண்டும், அதிலே தேறினாலும் பல டைவ் கடைகள் நிரப்பித் தருவதில்லை. நான் கொண்டுபோன கடையில் தேதியைப் பார்த்ததுமே கையை எடுத்துவிட்டார்கள். "ஹைட்ரோ டெஸ்ட் இருக்கிறது" என்று விளம்பரத்தில் போட்டது உண்மைதான், கடைசியாகக் குத்திய தேதி தொண்ணூறுகளில்! இங்கே அமெரிக்காவில் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அந்தச் சோதனையை, அதாவது தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிப் பார்ப்பதை, செய்ய வேண்டும்.

விற்றவரைக் கேட்டால் முதலில் பதிலே இல்லை. பிறகு "விண்டேஜ் சாமான், ஷோகேஸில் வைக்கத்தான் வாங்குவார்கள்" என்றார். அவருடைய விளம்பரத்தையே எடுத்து அனுப்பியதும், "நீங்கள் பெட்டியைத் திறந்துவிட்டீர்கள், இனி திருப்பி எடுக்க முடியாது" என்று பிளேட்டைத் திருப்பினார். வீடியோ இருந்ததால் ரெகுலேட்டருக்கான தொகையில் பாதியைத் தளம் வாங்கிக் கொடுத்தது. சிலிண்டருக்கு மட்டும் ஷிப்பிங் குறையும் என்று சொல்லி நண்பருக்கு அனுப்பும் முறையில் தனியாகப் பணம் கேட்டு வாங்கியிருந்தார், அதற்குப் புகார் கொடுக்கவே வழியில்லை, போனது போனதுதான். இப்படிப் பிரித்துக் கேட்டால் அங்கேயே ஒதுங்கிவிடுங்கள்.

வாங்கியே தீர வேண்டும் என்பவர்கள் கிளிப் விளிம்பைக் கிட்டத்தில் எடுத்த படம், குழாயை இழுத்துப் பிடித்த படம், பூட்டைக் கழற்றிய சிலிண்டரின் அடி, கழுத்தில் இருக்கும் குத்தெழுத்து முழுவதும், இத்தனையும் கேளுங்கள். சர்வீஸ் செய்தேன் என்றால் என்னென்ன பாகம் மாற்றினார், பில் எங்கே என்று கேளுங்கள். டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு), டக்பில், குழாய் எல்லாம் புதிதாகவே செய்து விற்கிறார்கள், உண்மையிலேயே மாற்றியவர் அந்தப் பில்லைப் பெருமையோடு காட்டுவார். களிம்பும் அழுக்குமாக, "வேலை செய்யுமா என்று தெரியாது" என்று யாராவது தாத்தாவின் கராஜிலிருந்து எடுத்துப் போடுவதைத்தான் நான் இப்போது தேடுகிறேன், அதில் பொய் குறைவு.

அந்த ஆள் இப்போது வேறு பெயரில் அதே வேலையைச் செய்கிறார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் படங்கள் அதே பச்சைத் துண்டின் மேல் எடுத்தவை. ராயல் லேபிள் நேராக உட்காராமல் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்திருக்கும், அதன் ஓரத்தில் முன்பு இருந்த லேபிளின் பசைக் கோடு பிறை மாதிரி தெரியும். கண்ணில் பட்டால் தளத்துக்கு ரிப்போர்ட் செய்யுங்கள், நானும் செய்திருக்கிறேன்.