செமாக்ளூடைடு ஊசி போடுவோருக்கு வே புரோட்டீன் ஐசோலேட் சரிப்படுமா?

செமாக்ளூடைடு பசியைக் குறைத்து எடையை இறக்கும் மருந்து. நாலு வாய்க்கு மேல் உணவு இறங்காத நாட்களில், பால் திரியும்போது பிரியும் நீரிலிருந்து எடுக்கும் இந்தப் புரதப் பவுடர் கைகொடுக்கிறது. 30 கிராம் கரண்டியில் சுமார் 25 கிராம் புரதம். லாக்டோஸ் (பால் சர்க்கரை) மிகக் குறைவு என்பதால், குறைவாகச் சுத்திகரித்த வகையான கான்சென்ட்ரேட்டைவிட உப்புசமும் குறைவு. எடை இறங்கும்போது கொழுப்போடு தசையும் கரையும். புரதத்துக்கு முதலிடம் அதனால்தான்.

கலக்குவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கொதிக்கும் பாலில் கொட்டினால் புரதம் திரிந்து ரப்பர்போலக் கட்டி கட்டியாக மிதக்கும். முதலில் 50 மில்லி குளிர்ந்த தண்ணீரில் பசைபோலக் குழைத்து, பிறகு 150 மில்லி வெதுவெதுப்பான பால் சேர்த்தால் வழவழவென்று வரும். ஒரே மூச்சில் குடித்தால் குமட்டும். மருந்து இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது அல்லவா? அரை மணி நேரம் வைத்துச் சிறுகச் சிறுகக் குடிக்கலாம். ஊசியின் டோஸ் கூட்டிய வாரத்தில் பாதிக் கரண்டியே தாராளம்.

வாசனை சேர்க்காத வகையே நல்லது. வெனிலா மணமே சிலருக்கு வயிற்றைப் புரட்டும் (அந்தத் தித்திப்பு பசியோடு இருப்பவர்களுக்கே திகட்டும்).

பெரிய குறை, நார்ச்சத்து அறவே இல்லை. மலச்சிக்கல் ஏற்கெனவே இந்த மருந்தின் பக்கவிளைவு. காய்கறி, பயறு, தண்ணீர் குறைந்தால் இன்னும் இறுகும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் டப்பாவைத் திறக்க வேண்டாம்.