ஈட்ரெக்ஸ் 10: ஜியோகேஷிங் பழக வருகிறவர்களுக்குப் போதுமா?

அக்கா மகனுக்குப் பதினொரு வயது. யாரோ ஒளித்து வைத்த டப்பாவை ஜிபிஎஸ் உதவியோடு தேடிக் கண்டுபிடிக்கும் ஜியோகேஷிங் என்ற விளையாட்டு ஒன்று இருக்கிறதென்று கேள்விப்பட்டு வந்து, "சித்தி, நாமளும் போலாமா?" என்றான். எனக்கும் அதில் முன் அனுபவம் கிடையாது. மலையேற்றம் போகிற தோழி ஒருத்தி புதுக் கருவி வாங்கியபோது, தன் பழைய கையடக்க ஜிபிஎஸ் கருவியான கார்மின் ஈட்ரெக்ஸ் 10ஐ என்னிடம் கொடுத்துவிட்டாள். 2011இல் வந்த மாடல். ஆறு வாரமாக அதை வைத்துத்தான் நானும் அவனும் பழகிக்கொண்டிருக்கிறோம். இப்போதுதான் ஆரம்பிக்கிறவர்களுக்கு இது சரிப்படுமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் போன் விஷயம். போனிலேயே ஜிபிஎஸ் இருக்கும்போது தனிக் கருவி எதற்கு என்று எல்லாரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஜியோகேஷிங் செயலியைப் போட்டுக்கொண்டால் வரைபடத்தில் நீலப் புள்ளி நகரும், அதைப் பார்த்தபடி டப்பாவின் பக்கத்தில் போய் நின்றுவிடலாம். நாங்களும் முதல் இரண்டு நாள் அப்படித்தான் போனோம். ஆனால் பையன் வரைபடத்தை மட்டும் பார்த்துக்கொண்டே நடந்தான். அட்சரேகை என்றால் என்ன, அந்த எண்கள் எதைச் சொல்கின்றன என்பதெல்லாம் அவனுக்குத் தேவையே படவில்லை. ஈட்ரெக்ஸ் கைக்கு வந்த பிறகுதான் எண்களோடு பழக ஆரம்பித்தான். எனக்கு இந்தக் கருவி பிடித்துப்போனதற்கு முதல் காரணம் அதுதான்.

கருவி உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மஞ்சளும் கறுப்புமான உடம்பு. இரண்டு பென்சில் பேட்டரிகளையும் சேர்த்து எடை 140 கிராம் சொச்சம். திரையைத் தொட்டால் ஒன்றும் நடக்காது. பொத்தான்கள் எல்லாம் இரண்டு பக்கவாட்டிலும் இருக்கின்றன, திரைக்கு மேலே வலது மூலையில் கட்டைவிரலால் அசைக்கிற ஒரு சின்னக் குமிழ். கை ஈரமாக இருந்தாலும், உறை போட்டிருந்தாலும் வேலை செய்யும். திரை 2.2 அங்குலம், கறுப்பு வெள்ளை. வீட்டுக்குள் பார்த்தால் மங்கலாகத் தெரிகிற அதே திரை உச்சி வெயிலில் பளிச்சென்று தெரிகிறது. போன் திரையைக் கையால் மறைத்துக்கொண்டு பார்க்க வேண்டிய இடத்தில் இதைச் சாதாரணமாகப் படிக்கலாம்.

ரொம்ப நாள் அலமாரியில் கிடந்த கருவி என்பதால், முதல் தடவை போட்டவுடன் அது எங்கே இருக்கிறதென்று அதற்கே தெரியவில்லை. இப்படி ஆனால் பயப்பட வேண்டாம். வானம் நன்றாகத் தெரிகிற திறந்த இடத்தில் வைத்துவிட்டுக் காத்திருங்கள். நாங்கள் ஒரு திட்டுமேல் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து செயற்கைக்கோள் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு செயற்கைக்கோளின் சிக்னல் பலத்தையும் காட்டுகிற பட்டைகள் ஒவ்வொன்றாக எழும்பின. 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள்கள் தங்கள் பாதை விவரத்தையும் சேர்த்தே அனுப்புகின்றன. ஒரு கோளின் நுணுக்கமான பாதை விவரம் வந்து சேர 30 விநாடி ஆகும், எல்லாக் கோள்களின் மொத்தப் பட்டியலும் வர பன்னிரண்டரை நிமிடம். போன் இந்த விவரங்களை இணையத்தில் வாங்கிக்கொள்வதால் நமக்கு அந்தத் தாமதமே தெரிவதில்லை. நான்கு கோள்களாவது கிடைத்தால்தான் இடம் சரியாக வரும். "மூணு போதாதா சித்தி?" என்று கேட்டான். மூன்று தூரங்கள் இடத்தைச் சொல்லும், ஆனால் அந்தத் தூரத்தை நேரத்தை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள், நம் கையில் இருப்பது சாதாரணக் கடிகாரம், அதன் பிழையைச் சரிக்கட்டத்தான் நான்காவது என்று சொன்னேன். அன்றிலிருந்து கருவியைப் போட்டதும் பட்டைகளை எண்ணாமல் அவன் கிளம்புவதில்லை. ஈட்ரெக்ஸ் 10, அமெரிக்க ஜிபிஎஸ்ஸோடு ரஷ்யாவின் குளோனாஸையும் சேர்த்துப் பிடிக்கும். இரண்டையும் போட்டு வையுங்கள்.

அப்புறம் அமைப்புகள். இதில்தான் நாங்கள் ஒரு முழு மாலையைத் தொலைத்தோம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஜியோகேஷிங்கில் இடத்தைப் பாகையாகவும் நிமிடமாகவும் (ஒரு பாகைக்கு 60 நிமிடம், ஒரு நிமிடத்துக்கு 60 விநாடி) எழுதி, நிமிடத்துக்குப் பின்னால் புள்ளி வைத்து மூன்று இலக்கம் போடுவார்கள். தோழியின் கருவியோ பாகை, நிமிடம், விநாடி என்ற முறையில் இருந்தது. அதை நான் கவனிக்கவில்லை. புள்ளிக்குப் பின்னால் வந்த எண்ணை விநாடிக் கட்டத்தில் தட்டிவிட்டேன். அம்பு ஒழுங்காகக் காட்டியது, தூரம் ஒழுங்காகக் குறைந்தது, போய் நின்ற இடம் மட்டும் தப்பு. இரண்டு மணி நேரம் புதரைத் துழாவினோம்.

வீட்டுக்கு வந்து அவனோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். உலகத்தின் முதல் டப்பாவையே எடுத்துக்கொண்டோம். 2000 மே மாதத் தொடக்கம் வரை பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலை அமெரிக்க அரசு வேண்டுமென்றே குழப்பி வைத்திருந்தது, 100 மீட்டர் வரை இடம் தவறும். அதிபர் கிளின்டன் அந்தக் குழப்பத்தை நிறுத்தச் சொன்னார். சாதாரணக் கருவியின் துல்லியம் ஒரே இரவில் மாறிப்போனது. ஒரு சில நாளுக்குள், மே 3ஆம் தேதி, டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் பக்கத்துக் காட்டில் ஒரு கறுப்பு வாளியை வைத்துவிட்டு, வடக்கு 45 பாகை 17.460 நிமிடம், மேற்கு 122 பாகை 24.800 நிமிடம் என்று இணையத்தில் எழுதினார். வாளிக்குள் கவண் கைப்பிடியும் பீன்ஸ் டின்னும் இருந்தன என்றதும் பையனுக்குக் கண் விரிந்தது. கணக்குக்கு வருவோம். 17.460 என்பதை 17 நிமிடம் 46 விநாடி என்று நினைத்துத் தட்டினால் என்ன ஆகும்? சரியான விடை 17 நிமிடம் 27.6 விநாடி. வித்தியாசம் 18.4 விநாடி. அட்சரேகையில் ஒரு விநாடி ஏறக்குறைய 31 மீட்டர். ஆக, வாளியிலிருந்து கிட்டத்தட்ட 570 மீட்டர் வடக்கே போய் நின்று தேடிக்கொண்டிருப்போம். அதுவே சரியான முறையில், அட்சரேகையின் கடைசி இலக்கம் ஒன்று மாறினால் நகர்கிற தூரம் 1.85 மீட்டர்தான். "அப்ப மூணாவது எண்ணு ஒரு ஆள் படுத்தா ஆகுற நீளம்" என்றான். அதைவிட நன்றாக நான் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

ஆகவே, கருவி கைக்கு வந்ததும் அமைப்புகளுக்குள் போய் இட வடிவத்தைப் பாகையும் தசம நிமிடமுமாக மாற்றுங்கள். அதே பக்கத்தில் வரைபட அடிப்படை, அதாவது பூமியில் இடத்தைக் கணக்கிடுகிற முறை, டபிள்யூஜிஎஸ் 84 என்று இருக்கிறதா பாருங்கள். வேறொன்றாக இருந்தால் எண்ணைச் சரியாகத் தட்டினாலும் இடம் தள்ளிப்போகும். பழைய கருவி வாங்குகிறவர்கள் இந்த இரண்டையும் பார்க்காமல் வெளியே கிளம்பவே கூடாது.

அடுத்தது அம்பு. ஈட்ரெக்ஸ் 10இல் மின்னணுத் திசைகாட்டி கிடையாது, ஈட்ரெக்ஸ் 30இல் உண்டு. இதன் அர்த்தம் என்னவென்றால், நீங்கள் நடக்கும்போது மட்டும்தான் எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று கருவிக்குத் தெரியும். நின்றுவிட்டால் அம்பை நம்பக் கூடாது. "சித்தி, அம்பு ஏன் இப்பிடிச் சுத்துது?" என்று முதல் நாள் பத்து தடவையாவது கேட்டிருப்பான். வாங்கலாமா என்று கேட்கிற பலருக்கு இது பெரிய குறையாகத் தெரியும். பழகுகிறவர்களுக்கு இது நல்லது என்பேன். வாசல்படியை ஒரு வேபாயிண்ட்டாக, அதாவது கருவி நினைவில் வைத்துக்கொள்கிற இடமாக, குறித்துவிட்டு, இருநூறு அடி நடந்து போய், அங்கிருந்து கருவியை மட்டும் பார்த்துத் திரும்பி வரச் சொன்னேன். முதல் தடவை நின்ற இடத்திலேயே கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மூன்றாவது நாள், தானாகவே பத்துப் பதினைந்து அடி நேராக நடந்து, அம்பு ஒரு பக்கம் நிலைத்ததும் அந்தத் திசையில் தெரிந்த ஒரு கம்பத்தைக் குறிவைத்துக்கொண்டு, கருவியைக் கீழே தாழ்த்தி நடந்தான். அந்த இடத்தில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. திரையைப் பார்த்தபடி நடக்கிற பிள்ளை பள்ளத்தையும் வண்டியையும் பார்க்காது.

கடைசிப் பத்து மீட்டர்தான் கஷ்டம். இலக்கு 4 மீட்டர் என்று காட்டும். இரண்டு அடி வைத்தால் 9 ஆகும். நின்றால் 6. கருவி கெட்டுவிட்டதோ என்று தோன்றும். கெடவில்லை. திறந்தவெளியில் எங்கள் கருவி 3 மீட்டர் துல்லியம் என்று காட்டிய அதே நேரத்தில், அடர்ந்த மரத்தடியில் 8, 9 என்று போனது. இலை சிக்னலைக் குறைக்கிறது, பாறையும் சுவரும் அதைத் திருப்பி அடித்துக் கணக்கை ஏமாற்றுகின்றன. டப்பாவை ஒளித்து வைத்தவருடைய கருவியிலும் இதே தடுமாற்றம் இருந்திருக்கும், அவர் பிழையும் நம் பிழையும் ஒன்றாகச் சேரும். அதனால் நாங்கள் இப்படிச் செய்கிறோம்: இருபது மீட்டர் பின்னால் வந்து, வேறு வேறு பக்கத்திலிருந்து மூன்று தடவை நிதானமாக நடந்து போய், கருவி பூஜ்யத்துக்கு மிக அருகே காட்டுகிற இடத்தில் ஒவ்வொரு தடவையும் ஒரு கல் வைப்போம். மூன்று கல்லுக்கும் நடுவில் நின்று கருவியைப் பைக்குள் போட்டுவிட்டு, "நான் ஒளிச்சு வைக்கணும்னா எங்க வைப்பேன்?" என்று கேட்டுக்கொள்வோம்.

எங்கள் முதல் டப்பா அப்படித்தான் கிடைத்தது, நான்காவது முயற்சியில். வேர்ச் சந்தில், மூன்று சுள்ளி கொஞ்சம் அதிக ஒழுங்காக அடுக்கியிருந்தது. அவன்தான் பார்த்தான். சுள்ளிக்கு அடியில், பச்சை நாடா சுற்றிய ஒரு பிளாஸ்டிக் டப்பா. உள்ளே ஒரு சின்ன நோட்டு, ஒரு பென்சில் துண்டு, இரண்டு கோலிக்குண்டு. பெயரும் தேதியும் எழுதினான். கோலியில் ஒன்றை எடுத்துக்கொண்டு தன் சட்டைப் பையிலிருந்த ஒரு பொம்மைச் சக்கரத்தை வைத்தான். சுள்ளியை இருந்தபடியே அடுக்க அவன் எடுத்துக்கொண்ட நேரம், தேடிய நேரத்தில் பாதி இருக்கும்.

பேட்டரி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நிறுவனம் 25 மணி நேரம் என்கிறது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் வெளியே போய்வர எங்களுக்கு ஒரு ஜோடி தாராளமாகப் போதும். ரீசார்ஜ் பேட்டரி போட்டால் அமைப்பில் பேட்டரி வகையையும் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் மீதி அளவு தப்பாகக் காட்டும். ஐபிஎக்ஸ்7 தரம், அதாவது ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். யுஎஸ்பி துளையின் ரப்பர் மூடியை அழுத்தி மூடியிருக்க வேண்டும்.

டப்பாக்களின் விவரத்தை ஜிபிஎக்ஸ் என்ற வகைக் கோப்பாக இணையத்திலிருந்து இறக்கி, கம்ப்யூட்டர் வழியாகக் கருவியில் ஏற்றிக்கொள்ளலாம். தேடுவது எவ்வளவு கடினம், போகிற நிலம் எவ்வளவு கடினம் என்ற இரண்டு அளவு, குறிப்பு எல்லாம் திரையிலேயே படிக்கலாம். இரண்டு அளவும் 1 முதல் 5 வரை. ஆரம்பத்தில் இரண்டும் 1.5க்குள் இருப்பதை மட்டும் ஏற்றுங்கள், 'மைக்ரோ' எனப்படும் மிகச் சின்ன டப்பாக்களைத் தவிருங்கள். கம்பி மினி யுஎஸ்பி வகை, போன் சார்ஜர் கம்பி பொருந்தாது என்பதால் கம்பியையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.

இதில் இல்லாதவை: விரிவான வரைபடம் ஏற்ற முடியாது, மெமரி கார்டு இடம் இல்லை, இணையம் இல்லை. குறுக்கே ஓடையோ வேலியோ இருந்தால் கருவி சொல்லாது, நேர்கோட்டில் 300 மீட்டர் என்று மட்டும் சொல்லும். பாதை தெரியாத காட்டுக்குள் இதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். நாங்கள் வீட்டிலேயே போனில் வரைபடத்தைப் பார்த்து வழியைப் பேசிக்கொள்கிறோம், போன் பையில் இருக்கும். வண்டி நிறுத்திய இடத்தை முதலில் வேபாயிண்ட் போடுவது அவன் வேலை.

புதிதாகவே வாங்கப் போகிறீர்கள் என்றால் 2023இல் வந்த ஈட்ரெக்ஸ் எஸ்இயைப் பாருங்கள், அதில் திசைகாட்டியும் உண்டு, போனோடு இணைக்கவும் முடியும். நகரத்துக்குள் எப்போதாவது ஒன்று தேடினால் போதும் என்பவர்களுக்குப் போனே போதும். ஆனால் யாராவது பழைய 10ஐக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள், குறிப்பாகக் கூடவே கற்றுக்கொள்ள ஒரு பிள்ளை இருந்தால்.

இப்போது அவனுக்குச் சொந்தமாக ஒரு டப்பா வைக்க ஆசை. இன்னொரு டப்பாவிலிருந்து 161 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது என்ற விதிகளைப் படித்துவிட்டு ஒரு இடத்தைப் பார்த்து வைத்திருக்கிறான். நான்கு வெவ்வேறு நாளில் அதே இடத்தில் கருவியை வைத்து எண்களைக் குறித்திருக்கிறோம். கடைசி மூன்று இலக்கம் மட்டும் அவன் நோட்டில் 412, 415, 413, 413 என்று இருக்கிறது. சனிக்கிழமை ஐந்தாவது தடவை அளக்கப் போகிறோம்.