கோஷ் காரோய், புடாய் ஜ்யோர்ஜ்: யாரிடமிருந்து தொடங்கலாம்?

ஹங்கேரிய நாட்டார் மரபில் ஊறிய அச்சோவியங்களைப் பார்க்க நினைப்பவருக்கு இரண்டு வாசல்கள். இருவருமே இன்று ருமேனியாவில் இருக்கும் ஊர்களில் பிறந்தவர்கள்.

கோஷ் (1883–1977) கட்டடக் கலைஞர். அது படத்திலேயே தெரியும். ருமேனியாவின் திரான்சில்வேனியா பகுதியிலுள்ள கலோதாசெக் வட்டாரத்தின் செங்குத்தான கூரைகள், மூலைக்கொரு சிறு கோபுரம் ஏந்திய தேவாலயங்கள், பின்னால் மலை. லினோலியம் என்ற மென்தகட்டில் வெட்டிய தடித்த கோடுகள். சாம்பல் நிறத்துக்கு இடமே இல்லை. 1922இல் வந்த ‘எர்தேய் கோவெய்’ (திரான்சில்வேனியாவின் கற்கள்) தொகுப்பில் எழுத்தும் படமும் அவருடையவையே. ஆட்கள்தான் குறைவு. வீடுகளே பேசட்டும் என்று விட்டுவிட்டார் போலும்.

புடாய் (1907–1990) நேரெதிர்: மரச்செதுக்கு, கரிய பின்னணியில் மெல்லிய வெள்ளைக் கோடுகள். 1935இல் நாட்டாரியல் அறிஞர் ஒர்துதாய் ஜ்யூலா தொகுத்த, திரான்சில்வேனியாவில் ஹங்கேரிய மொழி பேசும் செக்கேய் மக்களின் கதைப்பாடல்களுக்கு அவர் வரைந்ததில் மனிதர்களின் துயரமே முன்னால் நிற்கிறது. 1937இல் இங்கிலாந்து போய் அங்கேயே தங்கிவிட்டார்.

நிலக்காட்சிக்குக் கோஷ், புத்தகக் கலைக்குப் புடாய் என்பேன். கைபேசியில்தான் பார்க்கப்போகிறீர்கள் என்றால் கோஷே மேல். புடாயின் நுண்கோடுகள் சிறிய திரையில் குழம்பிவிடும்.